லேயர் மாஸ்க்: மறைப்பின் வரலாறு

லேயர் மாஸ்க் என்பது படத் தொகுப்பு மென்பொருட்களில் ஓர் அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எந்தப் பகுதி மறைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஆகும். தமிழில் இது அடுக்கு மறைப்பு, அடுக்கு முகமூடி என்று வழங்கப்படுகிறது. செயலை நோக்கினால் இதைத் திரை என்றும் சொல்லலாம். முகமூடி ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகத்தை வைக்கிறது. திரையோ பின்னால் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பார்வையை மட்டும் தடுக்கிறது. லேயர் மாஸ்க்கின் வேலையும் அதுவே. மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடத்தில் படம் மறையும். அதே இடத்தில் வெள்ளை பூசினால் மறைந்த படம் குறையின்றித் திரும்பி வரும்.

அழிப்பான் கருவி படப்புள்ளிகளை நீக்குகிறது. லேயர் மாஸ்க் அவற்றைத் தொடுவதில்லை. இந்த வேறுபாடு கணினியோடு தோன்றியது அன்று. சுவர் ஓவியம், புகைப்படம், திரைப்படம், அச்சு ஆகிய ஒவ்வொரு துறையிலும் மறைப்பதா, அழிப்பதா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அக்கேள்வியை மிகத் தெளிவாக எழுப்பிய நிகழ்வு, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் பணியாற்றிய ஒரு வரலாற்று ஆசிரியரின் கண்டுபிடிப்பாகும்.

தஞ்சைச் சுவரில் இரண்டு அடுக்குகள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டு சிதம்பரம் அருகே நிறுவப்பட்டது. இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ள இப்பகுதி, அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டு ஆண்டுகளில், அதன் வரலாற்றுத் துறையைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்.

முதலாம் இராசராசன் கட்டி 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த இக்கோயிலின் கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே இருண்ட உள்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில் காணப்பட்டவை நாயக்கர் கால ஓவியங்கள். 1931ஆம் ஆண்டு அங்கே சென்ற கோவிந்தசாமி, மேற்பூச்சு பெயர்ந்திருந்த இடத்தில் அதனடியே வேறொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். கோட்டின் ஓட்டமும் உருவங்களின் அமைப்பும் மேலே இருந்தவற்றினின்று வேறுபட்டிருந்தன. அடியில் இருந்தவை சோழர் கால ஓவியங்கள். அதுவரை சோழர்களைப் பற்றிய கலை வரலாறு பெரும்பாலும் கல்லையும் செம்பையும் கொண்டு எழுதப்பட்டது. சோழர் கால ஓவியக் கலைக்கு இவ்வளவு விரிவான சான்று கிடைத்தது இக்கண்டுபிடிப்பால்தான்.

அடியடுக்கில் வெளிப்பட்ட காட்சிகளுள் சுந்தரரின் வரலாறு, முப்புரம் எரித்த சிவன், தட்சிணாமூர்த்தி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. தில்லைக் கோயிலில் ஆடும் நடராசரை அரச குடும்பத்தினர் வழிபடும் காட்சியும் அங்கே உண்டு. சிதம்பரத்திலிருந்து சென்ற ஆசிரியர் வழியாக வெளியே தெரியவந்த அந்த ஓவியத் தொகுதியில் சிதம்பரமே தீட்டப்பட்டிருந்தது.

இவ்வோவியங்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு மறைப்பும் ஒரு காரணம். நாயக்கர் காலத்தில் புதிய ஓவியம் தீட்ட முனைந்தவர்கள் பழையதை முழுவதும் சுரண்டி எறிந்துவிட்டு வெறும் சுவரில் தொடங்கவில்லை. பழையதன் மேலேயே சுண்ணாம்புப் பூச்சு பூசி, அதன் மேல் தீட்டினர். அதனால் சோழ ஓவியம் கண்ணுக்கு எட்டாமல் போனது, ஆனால் அழியவில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலராகப் பணியாற்றிய எஸ். பரமசிவன் 1930களில் இவ்வோவியங்களின் பூச்சையும் நிறங்களையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தார். சோழ ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டும் முறையைக் கையாண்டனர் என்பது அவர் கண்ட முடிவு. இம்முறையில் பூச்சு உலரும்போது நிறம் அதனோடு இறுகிவிடுகிறது.

மேலடுக்கை என்ன செய்வது?

கண்டுபிடிப்பு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. கீழே உள்ள சோழ ஓவியத்தைக் காண வேண்டுமானால் மேலே உள்ள நாயக்கர் ஓவியத்தை நீக்க வேண்டும். நாயக்கர் ஓவியமும் ஒரு காலத்தின் சான்றுதான். பதினோராம் நூற்றாண்டைக் காண்பதற்காகப் பதினேழாம் நூற்றாண்டை உதிர்த்துவிடலாமா?

சுவரில் இரண்டு அடுக்குகள் இருந்தும் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்றை இழக்காமல் மற்றொன்றைப் பார்க்க வழி இல்லை. இந்நிலை உலகின் பல நாடுகளிலும் எதிர்ப்பட்டது. 1964ஆம் ஆண்டு உருவான வெனிஸ் சாசனம், நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான நெறிகளை வகுத்தபோது இதையும் கருத்தில் கொண்டது. பல காலத்து வேலைப்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமானால், அடியில் உள்ளதை வெளிக்கொணர்வது விதிவிலக்கான சூழலில் மட்டுமே தகும். நீக்கப்படுவது சிறு மதிப்பும் வெளிப்படுவது பெருமதிப்பும் உடையதாக இருக்க வேண்டும். இதுவே அச்சாசனத்தின் நிலைப்பாடு.

தஞ்சையில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது. நாயக்கர் ஓவியத்தை அதன் பூச்சோடு சேர்த்துச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தினர். இவ்வாறு 16 நாயக்கர் கால ஓவியங்கள் பிரிக்கப்பட்டன. அவற்றைக் கோயில் வளாகத்தில் தனியே காட்சிக்கு வைக்கவும் வழி செய்யப்பட்டது. சுவரில் சோழ ஓவியம், பலகையில் நாயக்கர் ஓவியம் என இரண்டும் எஞ்சின.

கணினி மொழியில் சொன்னால், ஒட்டிக் கிடந்த இரண்டு படங்கள் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்தன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சுவரில் இப்பணியை ஒரு முறைதான் செய்யலாம். கை தவறினால் திரும்பிப் பெற முடியாது. மறைப்பதும் வெளிப்படுத்துவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிகழலாம் என்ற வசதி, பல துறைகளில் நடந்த முயற்சிகளுக்குப் பின்னரே கிடைத்தது.

புகைப்படத்தில் மறைப்பு

புகைப்படக் கலையில் மறைப்பு தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1857ஆம் ஆண்டு ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படத்தை உருவாக்கினார். ஒரு நெகட்டிவின் உருவத்தை அச்சுத் தாளில் பதிக்கும்போது தாளின் மற்ற பகுதிகளில் ஒளி படாதவாறு மறைக்க வேண்டும். பிறகு அடுத்த நெகட்டிவை வைத்து, முன்பு பதிந்த இடத்தை மறைக்க வேண்டும். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு இவ்வாறே ஒரு படம் செய்தார்.

இருட்டறையில் வேலை செய்த ஒவ்வொரு புகைப்படக்காரரும் மறைப்பைக் கையாண்டனர். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும்போது முகம் மிகவும் கறுத்துவிடும் போலிருந்தால், கம்பியில் ஒட்டிய சிறு அட்டையை ஒளிக்கு நடுவே காட்டி முகத்தில் விழும் ஒளியைக் குறைப்பார்கள். வானம் வெளிறிப் போகும் என்றால், துளையிட்ட அட்டையைப் பிடித்து அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுப்பார்கள். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்காவிட்டால் விளிம்பில் கோடு விழும். இன்றைய மாஸ்க்கில் மென்மையான விளிம்புள்ள தூரிகை செய்யும் வேலையை அன்று கையின் அசைவு செய்தது.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் ஸ்டூடியோப் படம் குடும்பத்தின் முக்கிய ஆவணமாக இருந்தது. நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் புள்ளியிட்டு முகச் சுருக்கங்களையும் தழும்புகளையும் மறைப்பது டச்சிங் எனப்பட்டது. ஒளி புகாத சாயத்தை நெகட்டிவில் பூசினால் அந்த இடம் அச்சில் வெள்ளையாகும். வேண்டாத பின்னணியை இவ்வாறு நீக்கினர். தனித்தனியே எடுத்த படங்களை ஒன்று சேர்ப்பதும் வழக்கமாக இருந்தது. மறைந்த தந்தையின் பழைய படத்திலிருந்து உருவத்தை வெட்டி, தாயின் படத்துக்கு அருகில் ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் சரிசெய்து, மறுபடியும் படம் பிடித்துத் தம்பதியாகச் சட்டம் போட்டுத் தருவார்கள். பிள்ளைகள் சிறு வயதாக இருந்தபோதே பெற்றோரை இழந்த வீடுகளில் அந்தச் சேர்ப்புப் படமே முழுக் குடும்பத்தையும் ஒன்றாகக் காட்டிய ஒரே படமாகவும் அமைந்ததுண்டு.

இப்படங்களில் ஓர் இழப்பு இருந்தது. வெட்டிய மூலப் படம் திரும்பவும் முழுமை பெறாது. அருகில் நின்ற அண்ணன், தோளில் கை வைத்த நண்பர், பின்னால் தெரிந்த வீடு ஆகியவை கத்தரிக்கோலோடு போய்விடும். பழைய ஸ்டூடியோப் படங்கள் சமூக வரலாற்றுக்கான சான்றுகள் என்பது பிற்காலத்தில் உணரப்பட்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எடுக்கப்பட்ட இத்தகைய படங்களைத் தேடி எண்மமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு மேற்கொண்டது.

திரைப்படத்தில் மறைப்பு

தமிழ்த் திரைப்படத்தில் ஒரே நடிகர் இரட்டை வேடத்தில் தோன்றும் வழக்கம் 1940ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த உத்தமபுத்திரன் படத்திலிருந்து பேசப்படுகிறது. அதில் பி. யு. சின்னப்பா இரு வேடங்களில் நடித்தார். இருவரையும் ஒரே சட்டகத்தில் காட்டுவதற்கு ஒளிப்பதிவாளர்கள் கையாண்ட முறைகளுள் முக்கியமானது மாஸ்க் ஷாட் ஆகும்.

இம்முறையில் கேமரா அணுவளவும் அசையாமல் நிறுத்தப்படும். லென்சின் ஒரு பாதி கறுப்புத் தகட்டால் மறைக்கப்படும். திறந்த பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடிப்பார். பிறகு படச்சுருளைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பிச் சுற்றி, பதிந்த பாதியை மறைத்து, மறு பாதியைத் திறப்பர். நடிகர் உடை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் ஆள் நிற்பதாக எண்ணிப் பேசுவார். நடுக்கோட்டை அவர் தாண்டக் கூடாது. தாண்டினால் கை பாதியில் வெட்டுப்படும். ஒளி சற்று மாறினாலும் கோடு தெரிந்துவிடும். இரண்டாம் முறை பிழை நேர்ந்தால் முதல் முறை நன்றாக அமைந்த நடிப்பும் வீணாகும், ஏனெனில் இரண்டும் ஒரே படச்சுருளில் உள்ளன.

2008ஆம் ஆண்டு வெளிவந்த தசாவதாரம் படத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்களில் தோன்றினார். அப்படத்தின் தொடக்கக் காட்சி பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிதம்பரத்தில் நடப்பதாக அமைந்தது. இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மறைப்பு கேமராவை விட்டுக் கணினிக்குச் சென்றுவிட்டது. நடிப்புகள் தனித்தனியே பதிவாகிப் பின்னர் சேர்க்கப்படுவதால், ஒன்றில் நேர்ந்த பிழை மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

அச்சுத் தொழிலின் சிவப்புத் தாள்

ஆஃப்செட் அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஃபிலிம் தேவை. படத்தின் ஒரு பகுதியை மட்டும் அச்சுத் தகட்டில் பதிய விடவும் மற்றதை மறைக்கவும் சிவப்பு நிறத்தாலான மெல்லிய தாள் பயன்பட்டது. ரூபிலித் என்ற வணிகப் பெயரால் இது பரவலாக அறியப்பட்டது. தெளிவான பிளாஸ்டிக் தாளின் மேல் சிவப்புப் படலம் ஒட்டியிருக்கும். கூரிய கத்தியால் உருவத்தின் விளிம்பைச் சுற்றிக் கீறி, வேண்டாத படலத்தை உரித்து எடுப்பார்கள். அச்சு ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது என்பதால் சிவப்புப் படலம் கறுப்பைப் போலவே ஒளியைத் தடுக்கும். வேலை செய்பவரின் கண்ணுக்கோ அடியில் உள்ள படம் அதன் வழியே தெரியும். மறைத்துக்கொண்டே பார்க்கவும் முடிந்தது இத்தாளின் சிறப்பு.

ஃபோட்டோஷாப்பில் குயிக் மாஸ்க் பொத்தானை அழுத்தினால் தேர்வு செய்யாத பகுதிகள் ஒளி ஊடுருவும் சிவப்பில் தோன்றுகின்றன. அச்சகத்தைப் பார்த்திராத மாணவருக்கு அந்த நிறம் காரணமற்றதாகத் தோன்றலாம். அது அந்தச் சிவப்புத் தாளின் நினைவே.

கணினியில் மறைப்பு

கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தனர். அப்புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். இதற்கு ஆல்ஃபா சேனல் என்று பெயரிட்டனர். 1984ஆம் ஆண்டு லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் இந்த எண்ணைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பதற்கான கணித விதிகளை வகுத்து வெளியிட்டனர். இந்நால்வருக்கும் 1996இல் ஆஸ்கார் அகாதெமியின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

ஃபோட்டோஷாப்பின் தொடக்கம் 1987ஆம் ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான தாமஸ் நோல் எழுதிய நிரலை, திரைப்படச் சிறப்புக் காட்சித் துறையில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஜான் நோல் விரிவாக்க ஊக்குவித்தார். அடோபி நிறுவனம் அதை 1990 பிப்ரவரியில் மேக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்டது. அப்போது அதில் அடுக்குகள் இல்லை. ஒரு படத்திலிருந்து வெட்டிய உருவத்தை இன்னொன்றின் மேல் வைத்துத் தேர்வை விலக்கினால், அது கீழே உள்ள படத்தோடு கலந்துவிடும். கீழே இருந்தது போய்விடும். ஈரப் பூச்சில் தீட்டியது இறுகிவிடுவது போன்ற நிலை அது.

1994இல் வந்த மூன்றாம் பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தது. அடுக்குகளோடு லேயர் மாஸ்க்கும் வந்தது. அடுக்கு முறையைக் கொண்ட முதல் மென்பொருள் ஃபோட்டோஷாப் அன்று. ஆனால் அம்முறை பரவலானது அதன் வழியாகவே. அக்காலத்தில் செய்த வேலையை ஒரே ஒரு படி மட்டுமே பின்னோக்கி மீட்க முடியும். பல படிகள் பின்செல்லும் வசதி 1998இல் ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், தவறைத் திருத்திக்கொள்ள நம்பத்தகுந்த வழியாக லேயர் மாஸ்க் விளங்கியது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995இல் கிம்ப் என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். 1998இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. இது கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் செலுத்த இயலாத மாணவர்களும் கல்லூரிகளும் அடுக்குகளையும் லேயர் மாஸ்க்கையும் பயன்படுத்த இது வழி திறந்தது.

லேயர் மாஸ்க் இயங்கும் விதம்

சாதாரண எட்டு பிட் மாஸ்க்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு இருக்கும். 0 என்பது கறுப்பு. அங்கே மேலடுக்கு முற்றிலும் மறையும். 255 என்பது வெள்ளை. அங்கே மேலடுக்கு முழுமையாகத் தெரியும். இடைப்பட்டவை சாம்பல் நிறங்கள். அவற்றில் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்து தோன்றும்.

மேலடுக்கில் ஒரு புள்ளியின் ஒளி அளவு 200 என்றும் கீழடுக்கில் 80 என்றும் கொள்வோம். மாஸ்க்கின் மதிப்பு 255 எனில் திரையில் 200 தெரியும். 0 எனில் 80 தெரியும். 128 எனில் இரண்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து 140 என்ற அளவு தெரியும். மூன்று நிலையிலும் மேலடுக்கில் சேமிக்கப்பட்ட எண் 200 ஆகவே இருக்கிறது. மாறியது மாஸ்க்கின் எண் மட்டுமே. லேயர் மாஸ்க்கின் பயன் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: கோபுரமும் வானமும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் கீழைக் கோபுரத்தை ஒருவர் தெருவில் நின்று படம் பிடிக்கிறார். கோபுரம் சரியாக அமைந்தது. வானம் மட்டும் வெளிறிவிட்டது. கடலூர் தேவனாம்பட்டினத்தின் வெள்ளிக் கடற்கரையில் எடுத்த மேகம் சூழ்ந்த வானப் படம் ஒன்று அவரிடம் உள்ளது. இரண்டையும் சேர்க்க விரும்புகிறார்.

வானப் படம் கீழடுக்கிலும் கோபுரப் படம் மேலடுக்கிலும் வைக்கப்படும். மேலடுக்குக்கு ஒரு மாஸ்க் சேர்க்கப்படும். சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரத்தின் விளிம்பைக் கையால் வரைவது கடினம். எனவே கோபுரத்துக்கும் வானத்துக்கும் வேறுபாடு மிகுந்த சேனலைத் தேர்ந்தெடுத்து நகலெடுப்பர். பெரும்பாலும் அது நீலச் சேனலாக இருக்கும். அந்த நகலில் வானம் வெளுத்தும் கோபுரம் கறுத்தும் தோன்றுமாறு வேறுபாட்டைக் கூட்டி, பின்பு நிறத்தைத் தலைகீழாக்கினால் கோபுரம் வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் மாறும். அதுவே மாஸ்க்காகும். கோபுரத்தின் நடுவே வெளிர் வண்ணம் பூசிய சிற்பங்கள் இருந்தால் அவ்விடங்களில் ஓட்டை விழுந்திருக்கும். அவற்றை வெள்ளைத் தூரிகையால் நிரப்ப வேண்டும். கலசங்களின் ஓரத்தில் பழைய வானத்தின் வெண்கோடு எஞ்சினால் சிறிய தூரிகையால் கறுப்பைச் சற்றே உள்ளே நகர்த்த வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பின்னும் படம் பொய்யாகத் தோன்றலாம். கீழைக் கோபுரத்தை வெளியே நின்று படம் பிடிப்பவர் மேற்கு நோக்கி நிற்கிறார். காலை வெயில் அவருடைய முதுகுப்புறத்திலிருந்து கோபுரத்தின் மேல் விழுகிறது. கடலூர்க் கடற்கரையில் சூரிய உதயத்தைப் படம் பிடித்தவரோ கிழக்கு நோக்கி நின்றார். அந்த வானத்தைக் கோபுரத்தின் பின்னால் வைத்தால், சூரியன் பின்னே இருக்க, வெயில் முன்னே விழும். மாஸ்க்கின் விளிம்பில் பிழை காண முடியாதவரும் இந்த முரணை உணர்ந்துவிடுவர். மறைப்பில் தேர்ச்சி பெறுவதற்கு மென்பொருள் அறிவோடு ஒளியின் திசையறிவும் தேவை.

அடுக்குகள் கரையும் இடம்

லேயர் மாஸ்க் எதையும் அழிப்பதில்லை என்பது கோப்பு அடுக்குகளோடு இருக்கும் வரைதான் உண்மை. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி, கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் ஆகிய வடிவங்கள் அடுக்குகளையும் மாஸ்க்குகளையும் காத்து வைக்கின்றன. ஜேபெக் வடிவத்தில் சேமித்தால் எல்லா அடுக்குகளும் ஒன்றாகக் கலந்துவிடும். மறைத்திருந்த பகுதி அக்கோப்பில் இராது. மாஸ்க்கை நீக்கும்போது மென்பொருள் கேட்கும் கேள்வியும் கவனிக்கத்தக்கது. மாஸ்க்கைக் கைவிடலாம் என்றால் முழுப் படம் திரும்பும். மாஸ்க்கைப் பதிக்கலாம் என்றால் மறைந்தவை நிலையாக அழியும்.

இணையத்தில் பரவும் படங்களில் பெரும்பாலானவை இவ்வாறு அடுக்கு கரைந்தவையே. மூலம் எது, சேர்த்தது எது என்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது. அலங்காரத்துக்கான படத்தில் இது பெரிய குறையன்று. வரலாற்றுச் சான்றாக வைக்கப்படும் படத்தில் இது கடுமையான குறையாகும்.

ஓவியப் பாதுகாப்பில் லேயர் மாஸ்க்

சிதம்பரம் கோயிலில் சிவகாமசுந்தரி அம்மன் சன்னிதி மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. பிட்சாடனர், மோகினி ஆகியோரின் கதை அவற்றில் தீட்டப்பட்டுள்ளது. இத்தகைய விதான ஓவியங்கள் புகை, ஈரக்கசிவு ஆகியவற்றால் நாளடைவில் மங்கும். தமிழ்நாட்டின் பல கோயில்களில் பழைய ஓவியங்கள் வெள்ளையடிப்பாலும் மறைந்துள்ளன. அவ்வாறு மறைந்தவை எல்லாம் தஞ்சையைப் போல மீள்வதில்லை.

சிதைந்த ஓவியத்தின் உயர்தரப் படத்தைக் கணினியில் வைத்து, விடுபட்ட இடங்களை நிரப்பிக் காட்டுவது இப்போது இயலும். சுவரைத் தொடாமலே செய்யக்கூடியது என்பதால் இது பயனுள்ள முறை. வெனிஸ் சாசனத்தின் நெறிகள் இங்கும் பொருந்தும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டுருவாக்கம் நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்தது மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

லேயர் மாஸ்க் இந்நெறியைக் கடைப்பிடிக்க எளிய வழி தருகிறது. சுவரின் இன்றைய நிலையைக் காட்டும் படம் மாற்றமின்றிக் கீழடுக்கில் இருக்கும். உறுதியான சான்றின் அடிப்படையில் நிரப்பியவை ஓர் அடுக்கிலும், ஊகத்தால் நிரப்பியவை வேறோர் அடுக்கிலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் அமையும். ஐயம் கொண்ட ஆய்வாளர் ஊக அடுக்கை மறைத்துவிட்டுச் சுவரில் உண்மையில் எஞ்சியிருப்பதைப் பார்க்கலாம். பின்னாளில் புதிய சான்று கிடைத்தால் மாஸ்க்கை மட்டும் மாற்றலாம். ஒரே அடுக்கில் நிரப்பி ஜேபெக் படமாக வெளியிட்டால், சில ஆண்டுகளில் அந்த ஊகமே மூல ஓவியமாக மேற்கோள் காட்டப்படக்கூடும். வண்ணம் பூசிப் புதுப்பித்த சுவரில் பழைய கோடு தொலைவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நிறைவாக

அட்டை, கறுப்புத் தகடு, சிவப்புத் தாள், ஆல்ஃபா சேனல், லேயர் மாஸ்க் என மறைப்பின் கருவிகள் மாறி வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு சற்றே கூடியது. தஞ்சையின் சோழ ஓவியம் தப்பியது, அதன் மேல் பூசியவர்கள் திட்டமிட்டதால் அன்று. பூச்சின் கீழ் அது தற்செயலாகக் காக்கப்பட்டது. மேற்பூச்சு உதிர்ந்த இடத்தை ஒரு வரலாற்று ஆசிரியர் உற்றுப் பார்த்ததால் வெளியே வந்தது. கணினியில் அத்தகைய தற்செயலை நம்ப வேண்டியதில்லை. மூல அடுக்கைத் தொடாமல் வைப்பதும், அடுக்குகள் கொண்ட கோப்பைத் தனியே சேமிப்பதும், சேர்த்தவற்றை இன்னவை என்று குறித்து வைப்பதும் படத்தைத் தொகுப்பவரின் கையிலேயே உள்ளன.